ஐந்தாவது கேபிள்

சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், பூட்டிய வீட்டுக்குள் ஒரு பெண்மணி உருகி உருகிப் பாடிக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இல்லை. சோபா காலி, சாப்பாட்டு மேசை காலி. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. ஏனென்றால் புது ஸ்பீக்கர் கேபிள் ஓடிப் பழக வேண்டுமாம். நூறு மணி நேரம் பாட்டு ஓடினால்தான் அதன் உண்மையான குணம் வெளியே வருமாம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் தன் குணம் என்ன என்று இந்த வீட்டில் யாரும் இவ்வளவு பொறுமையாகக் காத்திருந்து பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டே அவள் கைப்பையை நாற்காலியில் எறிந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காது மேடம் என்று பெயர். காது மூக்கு தொண்டைப் பிரிவில், நடைபாதைக் கடைசியில், சத்தம் புகாத ஒரு சின்ன அறை இருக்கிறது. எல்லோரும் அதைப் பெட்டி என்பார்கள். வருகிறவர்களை அதற்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பி, கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேர், அறுபது காது. இருபத்திரண்டு வருஷமாக. வீட்டுக்கு வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் இருந்தால் போதும் என்று இருக்கும் அவளுக்கு.

அவள் கணவர் அச்சகத்தில் மேற்பார்வையாளர். முப்பது வருஷம் அச்சு இயந்திரங்களோடு குப்பை கொட்டியவர். சாதுவான மனிதர், சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர், சீட்டு இல்லை, சிகரெட் இல்லை. இருந்த ஒரே ஆசை பாட்டு. நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றும், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் கல்யாணமான ஐந்தாம் வருஷத்திலிருந்து முன்னறையில் நிற்கின்றன. அதில் அவளுக்கு ஒரு ஆட்சேபமும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அந்த சோபாவில் உட்காருவார்கள். ஒரு பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கேட்பார்கள், பிறகு அதைப் பற்றிச் சண்டை போடுவார்கள். வயலின் அதிகம் என்பாள் அவள். வயலின் இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை என்பார் அவர். வாரத்தில் அவளுக்குப் பிடித்த ஒரு மணி நேரம் அதுதான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தத்தில் ஒரு மூடாப்பு இருக்கிறது என்றார். மேல் சுருதியில் ஜொலிப்பு இல்லை, பாடகிக்கு முன்னால் யாரோ துணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கிறது, கேபிள் பழசாகிவிட்டது. அவள் காபியைக் குடித்துக்கொண்டே, சரி, மாற்றிவிடுங்கள் என்றாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பிடித்தது சனி. முதலில் வந்த கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற குழாய் கனத்துக்கு இருந்தது. ஒரு வாரம் ஆஹா ஓஹோ என்றார். அப்புறம் மறுபடி மூடாப்பு. அடுத்தது வெள்ளையாக, தட்டையாக, நாடா மாதிரி. அது மெலிதாகப் பேசுகிறதாம், அடிவயிற்றிலிருந்து பேசவில்லையாம். மூன்றாவதை அவளுக்கு நினைவே இல்லை. நான்காவது வெள்ளி முலாம் பூசியது. அதன் உறைமேல் அம்புக்குறி போட்டிருந்தது, மின்சாரம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு. மின்சாரத்துக்கு வழி காட்டுகிற அந்த அம்புக்குறியைப் பார்த்துத்தான் அவளுக்கு முதன்முதலாக ரத்தம் கொதித்தது. அதோடு போயிற்றா? கேபிள் தரையில் படக்கூடாது, பட்டால் அதிர்வு ஏறும் என்று பீங்கானில் பன்னிரண்டு குட்டித் தாங்கிகள் வந்தன. பெருக்குகிறபோது ஒவ்வொன்றையும் சுற்றி, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல அவள் துடைப்பத்தோடு சுற்றி வந்தாள். ஒன்று சாய்ந்தாலும் போதும், வந்து நிமிர்த்தி வைத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார்.

இதற்கெல்லாம் தூபம் போட ஒருவர் இருந்தார். காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவருக்கு நண்பர். இவர்களைப் போன்ற பைத்தியங்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் அவருக்குத் தங்கக்காது என்று பட்டம். பட்டம் கொடுத்தது யார் என்று அவள் விசாரித்தபோது, அவரே கொடுத்துக்கொண்டதாகத் தெரிந்தது. பக்கத்து அறையில் கேபிளை மாற்றினால் கூடத் தனக்குத் தெரிந்துவிடும் என்பார். அவருக்கு வித்தியாசம் கேட்காத பொருள் உலகத்தில் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கிற பிளக்கைத் திருப்பிப் போட்டால் தபேலா அரை அடி நகரும் என்று அவர் சொன்னபோது, கணவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் எழுந்து போய், சமையலறையில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காசு போனது கூடப் பெரிதில்லை, மனிதர் போய்விட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இப்போதெல்லாம் எந்தப் பாட்டும் இருபது விநாடிக்குமேல் ஓடுவதில்லை. நிறுத்து, எழுந்து போ, ஸ்பீக்கருக்குப் பின்னால் குனி, வா, உட்கார், அதே இருபது விநாடி. ஞாயிற்றுக்கிழமைக் காபி ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடந்தது. ஏதாவது பேசினால் பதில் வருவதில்லை. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன வாரம் தன் தங்கைக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அவர் ம் என்றுகூடச் சொல்லாமல் கேபிள் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவள் இரவுச் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படுக்கப் போய்விட்டாள். வெள்ளிக் கம்பி பேசுவதெல்லாம் கேட்கிறது, கட்டிக்கொண்டவள் பேசுவது கேட்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த மனுஷன் மறுபடி தன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டை முழுசாகக் கேட்க வேண்டும். அதற்குக் குறுக்கே நிற்பது கேபிள் என்றால், அந்தக் கேபிளை ஒழித்துக் கட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

ஐந்தாவது கேபிள் அப்போதுதான் வந்தது. கடைக்காரர் அதைப் பட்டுத்துணி விரித்த மரப்பெட்டியில் வைத்துக் கொடுத்திருந்தார். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுங்கள் என்றாராம். இது வரைக்கும் ஒருத்தரும் திருப்பிக் கொடுத்ததில்லை என்றும் சொன்னாராம். விலையைக் கேட்டபோது கணவர் பேச்சை மாற்றினார். அவள் பெட்டிக்குள் இருந்த சீட்டை எடுத்துப் பார்த்தாள், பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்திப் பார்த்தாகிவிட்டது. இந்தத் தடவை தொழிலைக் கையில் எடுத்தாள். ஒரு பரிசோதனை வைத்துக்கொள்ளலாம் என்றாள். கண்ணைத் துண்டால் கட்டிவிடுவேன். நான்காவது கேபிளையும் ஐந்தாவது கேபிளையும் மாற்றி மாற்றிப் போடுவேன். ஒரே பாட்டு, ஒரே சத்தம், பத்துச் சுற்று. எது எது என்று சொல்ல வேண்டும். எட்டு சரியாகச் சொன்னால் கேபிளை வைத்துக்கொள்ளுங்கள், இனி நான் வாயைத் திறக்க மாட்டேன். சொல்லாவிட்டால் பெட்டியோடு கடைக்குத் திரும்பிப் போக வேண்டும். இந்த வீட்டு வாசலை இன்னொரு கேபிள் மிதிக்கக் கூடாது.

அவர் உடனே சரி என்றார், அவள் எதிர்பார்த்ததைவிட வேகமாக. பத்துக்குப் பத்து வாங்கிவிடலாம் என்று நம்பினாரோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அழைக்காமலே, சாட்சியாகத் தங்கக்காது வந்து சேர்ந்தார். அவருக்கு மூக்கில் வியர்த்திருக்க வேண்டும். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கேபிளை மாற்றியதும் ஐந்து நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும், ஜன்னலை மூட வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும் என்று சட்டம் பேச ஆரம்பித்தார். பரிசோதனை நடத்துவது யார் என்று அவள் ஒரு தடவைதான் கேட்டாள், அதோடு அடங்கினார். கணவர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவள் துண்டை எடுத்து அவர் கண்ணைக் கட்டினாள். தலைமுடி எல்லாம் நரைத்துவிட்டதைப் பார்த்தாள், கொஞ்சம் இளகினாள், உடனே பீங்கான் தாங்கிகள் ஞாபகம் வந்து முடிச்சை இறுக்கினாள்.

வேலை லேசானதாக இல்லை. ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பின்னாலும் நான்கு திருகுமுனைகள். கீழே இரண்டு, கனத்த ஒலிக்கு. மேலே இரண்டு, மெல்லிய உச்ச ஒலிக்கு. கேபிளைக் கீழ்முனைகளில் மாட்டி, அங்கிருந்து மேல்முனைகளுக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். நான்காவது கேபிளுக்கு அந்த இணைப்பு சாதாரண பித்தளைத் தகடு. ஐந்தாவது மகாராணிக்குத் தகடு ஆகாது, அதே வெள்ளியில் செய்த விரல் நீளக் கம்பிகள்தான் போட வேண்டும் என்று கடைக்காரரின் உத்தரவு. ஆக, ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்று, கம்பியைப் போடு, கம்பியைக் கழற்று, தகட்டைப் போடு. மாற்றாத சுற்றிலும் மாற்றுகிற மாதிரியே கழற்றி மாட்டிச் சத்தம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கண்டுபிடித்துவிடுவார். முழங்காலில் நின்று நின்று அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இருபத்திரண்டு வருஷ அனுபவத்தை இப்படி ஸ்பீக்கரின் பின்புறத்தில் காட்ட நேரும் என்று அவள் நினைத்ததில்லை.

ஐந்து சுற்று முடிந்தது. மூன்று சரி, இரண்டு தப்பு. அவள் ஒன்றும் சொல்லாமல் தாளில் குறித்துக்கொண்டாள். கணவர் முகத்தில் தன்னம்பிக்கை வழிந்தது. தங்கக்காது தானும் கண்ணை மூடியபடியே ஒவ்வொரு சுற்றிலும் காற்றில் விரலால் நான்கு என்றும் ஐந்து என்றும் எழுதிக் காட்டினார். அவருக்கும் மூன்றுதான் சரி, ஆனால் வேறு மூன்று.

ஆறாவது சுற்றுக்கு நான்கைக் கழற்றி ஐந்தைப் போட்டாள். பாடகியின் குரல் வலது பக்கம் சாய்கிறது, ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்ப முடியுமா என்று தங்கக்காது பின்னாலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். கோபத்தோடு கோபமாக எழுந்து வந்து பாட்டைப் போட்டாள்.

முதல் வரியிலேயே அவளுக்குத் திக்கென்றது. பாடகி வாயில் துணியை அடைத்துக்கொண்டு பாடினாள். ஒரு எழுத்திலும் கூர்மை இல்லை. பாட்டு முழுக்கப் பின்னால் கலகலவென்று வருகிற ஜாலரா இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. ஜன்னல் விளிம்பைப் பார்த்தாள். நான்கு வெள்ளிக் கம்பிகளும் அங்கேயே கிடந்தன. தகட்டைக் கழற்றியவள் கம்பியைப் போட மறந்துவிட்டாள். இரண்டு ஸ்பீக்கரிலும் மேல்பாதி செத்துக் கிடந்தது.

தங்கக்காது நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்து, என்ன இது என்பதுபோலக் கையை விரித்தார். இந்தத் தடவை அவர் காதைக் குறை சொல்ல முடியாது. தெருவில் போகிறவனுக்குக்கூடக் கேட்டிருக்கும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இப்போது துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குதிக்கப் போகிறார், ஒரு கேபிள் மாட்டத் தெரியவில்லை, நீ எல்லாம் பரிசோதனை நடத்துகிறாயா என்று கேட்கப் போகிறார் என்று காத்திருந்தாள்.

கணவர் தலையைச் சாய்த்து, இருபது விநாடி பொறுமையாகக் கேட்டார். முழுப் பாட்டுக்குமான கவனம் அந்த முகத்தில் இருந்தது.

"போன தடவை போட்டதேதான் இது" என்றார். "நீ மாத்தவே இல்ல. சும்மா சத்தம் காட்டுற. என் காதுல பூ சுத்தாதே."

அவள் பாட்டை நிறுத்தினாள், போய் முழங்காலிட்டாள், நான்கு கம்பிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு இறுக்கினாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. ஏழாவது சுற்றாக மறுபடி பாட்டைப் போட்டாள். ஜாலரா சட்டென்று அறை முழுக்கத் தெறித்தது. பாடகி பக்கத்தில் வந்து நின்று பாடினாள்.

"இதுவும் அதேதான்" என்றார் அவர். "விளையாடறியா?"

ஒரு வரிப் பேச்சிலேயே, எதிரில் நிற்பவருக்கு எந்தச் சுருதி போய்விட்டது என்று சொல்லக் கூடியவள் அவள். நெசவாலைக்காரர்கள், கல் உடைக்கிறவர்கள், அச்சகக்காரர்கள் என்று எத்தனையோ பேரை வரிசையாகப் பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறாள். முப்பது வருஷம் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு எது முதலில் போகும் என்று அவளுக்கு மனப்பாடம். முதலில் போவது உச்ச ஒலி. ஜாலரா, கூர்மையான எழுத்துகள், பின்னாலிருந்து பேசுகிற பெண் குரல். இத்தனையும் தெரிந்தவள், ஆறு மாதமாகக் கேபிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஊரான் காதையெல்லாம் பார்க்கிறவளுக்குத் தன் வீட்டுச் சோபாவில் இருக்கிற காதைப் பார்க்கத் தோன்றவில்லை. அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் எரிந்தது.

தங்கக்காதும் புரிந்துகொண்டிருந்தார். தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு அந்த மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலப்பா. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், ஆனால் அதுவே காட்டிக் கொடுத்துவிட்டது. தங்கக்காது வித்தியாசம் தெரியவில்லை என்று சொல்கிறார் என்றால் ஏதோ நடந்திருக்கிறது. கணவர் துண்டை மெதுவாக நெற்றிக்குமேல் தள்ளினார். நண்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நண்பர் எழுந்துகொண்டு, வீட்டில் யாரோ வருவதாகச் சொல்லியிருந்தார்கள், மறந்தே போய்விட்டேன் என்று உளறிக்கொட்டி, செருப்பை மாட்டாமலே வாசல்வரை போய், திரும்பி வந்து மாட்டிக்கொண்டு போனார்.

எத்தனை சரி என்று கணவர் கேட்டார். பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றாள். ஆறாவதில் என்ன போட்டாய் என்று கேட்டார். ஐந்து என்றாள். ஏழாவதில்? அதுவும் ஐந்துதான். அப்படியானால் ஏழில் அதேதான் என்று நான் சொன்னது சரிதானே, எதற்கு இரண்டு பேரும் அப்படி முழித்தீர்கள் என்றார். அவள் சொல்லியாக வேண்டியிருந்தது. ஆறாவதில் மேல்முனைக் கம்பிகளைப் போட மறந்துவிட்டேன் என்று சொன்னாள்.

அவருக்கு அதற்குமேல் விளக்கத் தேவையில்லை. அந்த ஸ்பீக்கரைக் கரைத்துக் குடித்தவர். எழுந்து போய் ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தார், ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்தார், அங்கேயே தரையில் உட்கார்ந்தார். பீங்கான் தாங்கி ஒன்று உருண்டு போயிற்று. அவர் அதை நிமிர்த்தவில்லை.

"ஒண்ணுமே வரலையா மேல?" என்றார்.

"ஒண்ணுமே வரல."

அவர் பேச ஆரம்பித்தார், அவளைப் பார்க்காமல். ஆறு மாதத்துக்கு முன்னால் அச்சகத்தில் பெரிய இயந்திரத்தில் ஒரு பேரிங் கீச்சிட்டிருக்கிறது. கூட வேலை செய்கிற மூன்று பேர் வந்து சொன்னார்கள். இவர் பக்கத்தில் போய் நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் இல்லை, ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் பேரிங் இறுகி இயந்திரம் நின்றது. மூன்று பேருக்கும் கேட்டது தனக்கு மட்டும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாட்டைப் போட்டுப் பார்த்தார். ஜாலரா இல்லை.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு மாதம். தெரிந்தே ஆறு மாதம். வீட்டிலேயே காது பார்க்கிறவள் இருக்கும்போது, கேபிள் கடைக்காரனிடம் போய் நின்றிருக்கிறார். நீங்கள் என்னை மதிக்கவில்லை, நான் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று நினைத்து எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு அழுதிருப்பேன் தெரியுமா என்று கேட்டாள். தங்கைக்கு அறுவை சிகிச்சை என்று சொன்னதுகூட உங்களுக்குத் தெரியாது என்றாள். அவர் திடுக்கிட்டு எப்போது என்று கேட்டார். புதன்கிழமை என்றாள், கத்தியே சொன்னாள்.

"கேபிள்னா மாத்திக்கலாம்ல" என்றார் அவர். "கேபிளாவே இருந்துட்டா நல்லாருக்கும்னு நினைச்சேன். ஒவ்வொண்ணா மாத்தினேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"உன்னைக் கூட்டிட்டுப் போக ஆஸ்பத்திரிக்கு வந்து நிப்பேன் இல்ல, அப்போ பாத்திருக்கேன். பெட்டிலேருந்து வெளிய வர்றவங்ககிட்ட நீ ஒரு முகம் வச்சுப்ப. தலையக் கொஞ்சம் சாய்ச்சு, ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா. அந்த முகத்தோட நீ என்கிட்ட பேசிடக் கூடாதுன்னு இருந்தது."

அந்த முகம் எது என்று அவளுக்கே தெரியும். அதைப் பழகிக்கொள்ள வருஷங்கள் ஆயின.

மறுநாள் காலை ஏழரைக்கு, வரிசை சேர்வதற்கு முன்னால், அவரைப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். ஐந்தாவது கேபிளின் மரப்பெட்டி ஆட்டோவில் அவர் மடியில் இருந்தது, போகிற வழியில் கடையில் கொடுப்பதற்காக. கடை திறக்கவில்லை, அதனால் அதையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதை வெளியே பெஞ்சில் வைக்கச் சொன்னாள். யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றார். எடுத்துக்கொண்டு போகட்டும், புண்ணியமாகப் போகும் என்றாள்.

அந்தச் சத்தம் புகாத பெட்டிக்குள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் பார்க்கப் போட வேண்டும். பரிசோதிக்கிறவரின் கை, முகம் எதுவும் தெரியக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். ஆனால் அவரை உட்கார வைக்கும்போது, முதுகைப் பார்த்துக்கொண்டு ஒலி அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. தன்னைப் பார்க்கிற மாதிரி உட்கார வைத்தாள். ஹெட்ஃபோனை மாட்டினாள். கேட்டால் விரலைத் தூக்குங்கள், எவ்வளவு மெலிதாகக் கேட்டாலும் சரி என்றாள். முப்பது பேரிடம் சொல்கிற அதே வாக்கியம்தான். கதவைச் சாத்திக்கொண்டு வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

கீழ்ச்சுருதியெல்லாம் நன்றாகவே வந்தது. நடு ஒலிகளும் மோசமில்லை. உச்ச ஒலிக்குப் போனாள். ஒலி அளவை இருபது டெசிபலில் வைத்து அழுத்தினாள். விரல் உயர்ந்தது. அவளால் நம்ப முடியவில்லை. இன்னும் மெலிதாக, பத்தில் வைத்தாள். உயர்ந்தது. ஒரு விநாடி அவளுக்கு உள்ளே ஒரு பைத்தியக்கார நம்பிக்கை எழும்பிற்று, எல்லாம் அந்தப் பாழாய்ப்போன கேபிள்தானோ, ஸ்பீக்கர்தானோ என்று. அப்புறம் தொழில் முன்னால் வந்து நின்றது. கையைப் பொத்தான்மேல் வைத்தாள், அழுத்தவில்லை. கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவர் விரலைத் தூக்கினார்.

அவள் பேசுகிற சுவிட்சை அழுத்தி, நான் ஒன்றுமே அனுப்பவில்லை என்றாள்.

"அனுப்பின மாதிரி இருந்துச்சே" என்றார் அவர், உள்ளேயிருந்த மைக்கில். "உன் முகத்தப் பாத்தேன். கேட்டுடணுமேன்னு இருந்த."

அவளுக்கு அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது. எழுந்து கதவைத் திறந்து உள்ளே போனாள். இங்கேயும் வந்து ஏமாற்றுகிறீர்களா, இது என்ன கேபிள் கடையா என்று திட்டினாள். அவர் எழுந்து நின்றார், நாற்காலியை அவளே தூக்கித் திருப்பிப் போட்டாள், அவர் தோளைப் பிடித்து அழுத்திச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தாள். அப்படியே கையை எடுக்காமல் நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இருபது. விரல் அசையவில்லை. முப்பது, நாற்பது. நரைத்த பின்தலையும் ஹெட்ஃபோன் பட்டையும் முழங்கால்மேல் வைத்த கையும் தெரிந்தன. ஐம்பது. அந்தக் கை அப்படியே இருந்தது. அனுப்புவதைச் சரிபார்க்க அவள் தன் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனில் அந்த ஒலி ஊசியாய்க் குத்திக்கொண்டிருந்தது. அறுபது. அறுபத்தைந்து. முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், இப்போது பார்க்க யாரும் இல்லை, அதனால் அழுதாள்.

எழுபதில் விரல் உயர்ந்தது. தயங்காமல், நேராக.

"இப்ப கேட்டுச்சு" என்றார் அவர், சுவரைப் பார்த்து, கொஞ்சம் உரக்கவே. "இது நிஜமாவே கேட்டுச்சு. சரியா?"

சரிங்க என்றாள் அவள். அட்டையில் புள்ளி வைத்தாள். அவர் தலையை லேசாகச் சாய்த்தபடி இன்னும் காத்துக்கொண்டிருந்தார். சுவிட்சை அழுத்தாமலே பேசியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சை அழுத்தி, குரலை நன்றாக உயர்த்தி, மறுபடியும் சொன்னாள்.